லேசர் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்!

குட்டீஸ், கார்த்திகை தீபத்தன்று மாவளி சுற்றியிருக்கிறீர்களா?

கரித்தூளைத் துணியில் பொட்டலமாகச் சுருட்டி, மட்டையில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே வீசிச் சுற்றுவார்களே, அதுதான் மாவளி. வேலூர், திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்களில் இதைப் பார்க்கலாம். கயிற்றின் முனையில் இருப்பது ஒரே ஒரு நெருப்புப் பொட்டலம். ஆனால் இருட்டில் நமக்குத் தெரிவது ஒரு முழு நெருப்பு வட்டம்!

ஒரு புள்ளி எப்படி வட்டமாகத் தெரிகிறது? நம் கண் பார்த்த காட்சி, அது மறைந்த பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் மறையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அதற்குள் அந்தப் புள்ளி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டால், மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடாகப் பார்க்கிறது.

கல்யாண மண்டபங்களிலும் கலை நிகழ்ச்சிகளிலும் சுவரில் பூவும் நட்சத்திரமும் எழுத்துமாக லேசர் ஒளி ஆடுகிறதே, அதன் ரகசியமும் இதுதான். அங்கே பூவும் இல்லை, எழுத்தும் இல்லை. வேகமாக ஓடுகிற ஒரே ஒரு ஒளிப்புள்ளிதான். அதாவது, அது ஒரு மின்சார மாவளி!

"இதை நாமே வீட்டில் செய்தால் என்ன?" என்று உங்களில் பலருக்கும் ஆசை வந்திருக்கும். நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குப் போய் லேசர் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாததால், வீட்டில் ஒளிக்காட்சி நடத்திய ஒரு பையன் தன் பார்வையைத் தொலைக்கப் பார்த்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இசைக்கவையில் கண்ணாடி!

லேசர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒளியை ஆடவைத்தவர் ஒருவர் இருந்தார். பிரான்ஸ் நாட்டின் ஜூல் அந்துவான் லிஸ்ஸாஜு. 1850-களில் இவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். பள்ளி ஆய்வகத்தில் தட்டினால் 'ங்' என்று ஒலிக்குமே, இசைக்கவை, அதன் முனையில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டினார். ஒரு கவை மேலும் கீழும் அதிரும்படி வைத்தார். இன்னொன்று இடமும் வலமுமாக அதிரும்படி வைத்தார். விளக்கின் ஒளிக்கற்றை முதல் கண்ணாடியில் பட்டு, இரண்டாவது கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து திரையில் விழுந்தது.

இரண்டு கவைகளையும் அதிரவைத்ததும் திரையில் வட்டம், நீள்வட்டம், எட்டு வடிவம் என்று விதவிதமான கோலங்கள் தோன்றின. கவைகளின் சுருதி மாறினால் கோலமும் மாறியது. காதால் கேட்கிற சத்தத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது! இன்றும் அவற்றுக்கு 'லிஸ்ஸாஜு வடிவங்கள்' என்றுதான் பெயர்.

இன்றைய பெரிய லேசர் ஒளிக்காட்சிக் கருவிகளிலும் இரண்டே இரண்டு குட்டிக் கண்ணாடிகள்தான் முக்கியம். ஒன்று ஒளியை இடம் வலமாக அசைக்கும். இன்னொன்று மேல் கீழாக அசைக்கும். இசைக்கவைக்குப் பதிலாக மின்சாரம் அவற்றை அசைக்கிறது. எங்கே அசைய வேண்டும் என்று கணினி கட்டளையிடுகிறது. அவ்வளவுதான்!

லேசர் பிறந்த கதை

டார்ச் விளக்கில் இல்லாத எது லேசரில் இருக்கிறது? பள்ளி விட்டதும் மாணவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? ஆளுக்கொரு பக்கமாக ஓடுவார்கள். டார்ச்சின் ஒளி அப்படி. பல நிறங்கள் கலந்து பல திசைகளில் சிதறும். குடியரசு தின அணிவகுப்பில் வீரர்கள் எப்படி நடப்பார்கள்? ஒரே சீருடை, ஒரே திசை, ஒரே காலடி. லேசர் ஒளி அப்படி. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே ஒழுங்கு.

இப்படி ஒளியைத் தூண்டிவிட்டுப் பெருக்க முடியும் என்பதற்கான அடிப்படையை 1917-ல் எழுதியவர் ஐன்ஸ்டீன். அதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் தியோடர் மைமன். 1960, மே 16 அன்று, இளஞ்சிவப்பு மாணிக்கக் கல் உருளை ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை அவர் வரவழைத்தார்.

அதன்பின் விதவிதமான லேசர்கள் வந்தன. அவற்றில் ஒன்றை நம் நாட்டில் பிறந்தவர் கண்டுபிடித்தார். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். இதன் ஒளி கண்ணுக்கே தெரியாது. ஆனால் வெட்டும், பொசுக்கும், எழுதும்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கத்துக் குட்டீஸுக்குத் தோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஒருவர் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போவார். பதனிட்ட தோல் எவ்வளவு கெட்டியானது என்பது உங்களுக்குத் தெரியும். உலகெங்கும் தோல் தொழிலில் அந்தத் தோலை வெட்டவும், அதன் மேல் பூ வேலைப்பாடு பொறிக்கவும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரங்கள் பயன்படுகின்றன. ஒளி படாமல் இருக்க அவற்றைப் பெட்டிக்குள் அடைத்துத்தான் வைப்பார்கள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒளி என்றால் வெறும் வெளிச்சம் அல்ல. அது சக்தி.

முதல் ஒளிக்காட்சி

லேசரை ஒரு கலை நிகழ்ச்சியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் இவான் டிரையர் என்ற அமெரிக்கர். இவர் சினிமா எடுப்பவர். 1970-ல் எல்சா கார்மயர் என்ற பெண் விஞ்ஞானி லேசர் ஒளியை வைத்து உருவாக்கிய கோலங்களைப் படம் பிடிக்கப் போனார். நேரில் பார்த்த அந்தச் சுத்தமான நிறம் படச்சுருளில் வரவில்லை. "அப்படியானால் மக்கள் இதை நேரிலேயே பார்க்கட்டும்!" என்று முடிவு செய்தார்.

1973 நவம்பரில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கிரிஃபித் வான் ஆய்வகக் கோளரங்கத்தில் 'லேசேரியம்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. இசைக்கு ஏற்ப ஒளி ஆடியது. கூட்டம் அலைமோதியது. பிறகு உலகின் பல நகரங்களுக்கும் அது போனது. ஒளி விழுந்தது எங்கே தெரியுமா? தலைக்கு மேலே இருந்த கூரையில்! பார்க்க வந்தவர்களின் முகத்தில் அல்ல.

ஒளி கூட்டத்தின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை 2008 ஜூலையில் ரஷ்யாவில் பார்த்தார்கள். மாஸ்கோவுக்கு வெளியே ஒரு திறந்தவெளி இசை விழா. வானத்தை நோக்கி அடிக்க வேண்டிய லேசர்கள். மழை வந்ததால் கூடாரம் போட்டார்கள். ஒளி கூடாரத்துக்குள்ளேயே, கூட்டத்தின் மேலேயே விழுந்தது. மறுநாளும் அதற்கு அடுத்த நாட்களிலும் சுமார் 30 பேர் பார்வை பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்.

கண்ணாடி முன்னால் நின்ற பையன்

இப்போது அந்தப் பையனின் கதை. இது ஸ்விட்சர்லாந்தில் நடந்தது. அவனுக்கு வயது 15. உங்களைப் போலவே சோதனைகளில் ஆசை உள்ளவன். இணையத்தில் ஒரு பச்சை லேசர் பாயின்டர் வாங்கினான். தூரத்தில் இருக்கும் பலூனை உடைக்கலாம், காகித அட்டையில் ஓட்டை போடலாம் என்று ஆசை. தன் அக்கா தங்கையின் ஷூவிலும் ஓட்டை போட்டுப் பார்த்தான். ஷூவையே பொசுக்கும் ஒளி!

பிறகு ஒருநாள் 'லேசர் ஷோ' நடத்த நினைத்து, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒளியை வீசி விளையாடினான். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பி வந்து அவன் கண்களிலேயே பலமுறை விழுந்தது. பார்வை மங்கியது.

அவன் உடனே அப்பா அம்மாவிடம் சொன்னானா? இல்லை. பயம்! தானாகவே சரியாகிவிடும் என்று நினைத்து இரண்டு வாரம் மறைத்தான். சரியாகவில்லை. கடைசியில் மருத்துவரிடம் போனபோது, இடது கண்ணால் மூன்றடி தூரத்தில் நீட்டிய விரல்களை எண்ணத்தான் முடிந்தது. விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணிலும் சின்னச் சின்னத் தழும்புகள். லூசெர்ன் நகர மருத்துவர்கள் இதை 2010-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்களில் பார்வை பெருமளவு திரும்பியது. ஆனாலும் விழித்திரைத் தழும்பு தழும்புதான்.

அந்த பாயின்டரின் சக்தி 150 மில்லிவாட். இது அதிகமா, குறைவா? வாருங்கள், ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: எத்தனை மில்லிவாட்?

வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட். ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிவாட். "ப்பூ! 5 மில்லிவாட் லேசர் என்ன செய்துவிடும்?" என்று தோன்றும். பல்பின் ஒளி அறை முழுவதும் பரவுகிறது. கண்ணுக்குள் போவது துளியிலும் துளி. லேசரின் ஒளியோ மொத்தமும் ஒரே கற்றையாகக் கண்மணிக்குள் நுழைந்துவிடும்.

அத்தோடு முடியவில்லை. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள். உங்கள் கண்ணுக்குள்ளும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. விழிவில்லை! அது லேசர் கற்றையை விழித்திரையில் ஊசிமுனையைவிடச் சின்னப் புள்ளியாகக் குவிக்கிறது. அந்த இடத்தில் ஒளியின் அடர்த்தி சுமார் ஒரு லட்சம் மடங்கு ஏறிவிடும்.

அதனால்தான் உலக அளவில் லேசர்களை வகுப்பு பிரித்திருக்கிறார்கள், நம் பள்ளிக்கூடம் போலவே! வகுப்பு 1 என்றால் சாதாரணப் பயன்பாட்டில் ஆபத்தில்லை. வகுப்பு 2 என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி, 1 மில்லிவாட்டுக்கு மேல் போகக் கூடாது. தவறிக் கண்ணில் பட்டாலும் கால் நொடிக்குள் இமை மூடிக் காத்துவிடும். வேண்டுமென்றே உற்றுப் பார்த்தால் காக்காது! வகுப்பு 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை. வகுப்பு 3பி என்றால் 500 மில்லிவாட் வரை. அதற்கும் மேலே வகுப்பு 4. பள்ளியில் வகுப்பு ஏறினால் மகிழ்ச்சி. இங்கே வகுப்பு ஏறினால் ஆபத்து.

ஸ்விட்சர்லாந்துப் பையன் கையில் இருந்தது 150 மில்லிவாட். அதாவது 3பி. இமை மூடுவதற்குள் காயம் ஆகிவிடும். மேடை ஒளிக்காட்சிக் கருவிகள் பெரும்பாலும் 3பி, 4 வகுப்புகள்தான். அவற்றை இயக்குபவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற வேண்டும்.

கேள்வி 2: என்ன நிறம்?

நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு மிகவும் பிடித்த நிறம் மஞ்சள் கலந்த பச்சை. அதன் அலைநீளம் 555 நானோமீட்டர். அதிலிருந்து தள்ளிப் போகப் போக ஒளி மங்கலாகத் தெரியும்.

ஒரே 1 மில்லிவாட் சக்தியில் நான்கு லேசர்களை எடுத்துக்கொள்வோம். 650 நானோமீட்டர் சிவப்பின் பிரகாசம் 1 என்று வைத்தால், 635 நானோமீட்டர் சிவப்பு சுமார் 2 மடங்கு பிரகாசமாகத் தெரியும். 532 நானோமீட்டர் பச்சை சுமார் 8 மடங்கு. 450 நானோமீட்டர் நீலமோ மூன்றில் ஒரு பங்குதான்!

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பளிச்சென்று தெரிய வேண்டுமானால் சக்தியைக் கூட்ட வேண்டியதில்லை, நிறத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். 650-க்குப் பதில் 635 எடுத்தாலே அதே சக்தியில் இரண்டு மடங்கு பிரகாசம் கிடைத்துவிடும். இரண்டு, மங்கலாகத் தெரிகிறதே என்று நீல லேசரைச் சாதுவாக நினைக்கக் கூடாது. கண்ணுக்குத்தான் அது மங்கல். விழித்திரையைச் சுடுவதில் சளைத்தது அல்ல.

கேள்வி 3: பச்சைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது?

பச்சை லேசர் பாயின்டர்கள் பலவற்றில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் 808 நானோமீட்டர் ஒளி பிறக்கும். அது ஒரு படிகத்தில் பாய்ந்து 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்கும். அது இன்னொரு படிகத்துக்குள் போய் அலைநீளம் பாதியாகக் குறையும். 1064-ல் பாதி எவ்வளவு? 532. அதுதான் பச்சை!

முதல் இரண்டும் அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது. அவை வெளியே வராமல் தடுக்க உள்ளே ஒரு வடிகட்டி வைக்க வேண்டும். மலிவு பாயின்டர்களில் சிலவற்றில் அந்த வடிகட்டியே இருப்பதில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவன விஞ்ஞானிகள் 2010-ல் சோதித்த ஒரு பாயின்டரில் பச்சை மங்கலாகவே தெரிந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு அகச்சிவப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. தெரியாத ஒளிக்கு இமை மூடுமா? மூடாது. அதுதான் ஆபத்து.

கேள்வி 4: ஒட்டியிருக்கும் சீட்டை நம்பலாமா?

"5 மில்லிவாட்டுக்குக் குறைவு" என்று பாயின்டர் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். அது உண்மையா? அதே அமெரிக்க நிறுவனத்தினர் 122 பாயின்டர்களை வாங்கி அளந்து பார்த்து, 2013-ல் முடிவைச் சொன்னார்கள். பச்சையில் சுமார் 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை!

சந்தையில் தராசைப் பார்க்காமல் காய்கறி வாங்குவோமா? லேசரை அளக்கிற தராசு நம் வீட்டில் இல்லை. ஆகவே தள்ளுவண்டியிலும் திருவிழாக் கடையிலும் விற்கும், தயாரித்தவர் பெயரும் வகுப்பும் இல்லாத லேசரை வாங்காதீர்கள். பழைய டி.வி.டி. பெட்டியைப் பிரித்து லேசரை எடுக்கும் வேலையும் வேண்டாம். பெட்டி மூடியிருக்கும்வரைதான் அது வகுப்பு 1. டி.வி.டி. எழுதும் கருவிக்குள் இருக்கும் லேசர் 100 மில்லிவாட்டையும் தாண்டலாம்.

கேள்வி 5: ஒளி எதன் மேல் விழப்போகிறது?

இதற்கு ஒரு சோதனை. சாதாரண டார்ச் போதும். இரண்டு தோல் துண்டுகள் வேண்டும். ஒன்று, பஞ்சு போல மெத்தென்று சொரசொரப்பாக இருக்கும் ஸ்வேட் தோல். இன்னொன்று, முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பேட்டன்ட் லெதர். ஆம்பூர்க் குட்டீஸுக்கு இது கிடைப்பது கஷ்டமா என்ன? மற்றவர்கள் ஒரு கம்பளித் துணியும், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு அறையில் இரண்டின் மேலும் டார்ச்சைச் சாய்வாக அடித்து, எதிர்ச்சுவரைப் பாருங்கள். ஸ்வேட் மேல் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறிவிடும். சுவரில் எதுவும் தெரியாது. பளபளப்பான தோலில் பட்ட ஒளியோ கண்ணாடியில் பட்டதுபோலத் துள்ளிச் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டாக விழும்.

லேசருக்கும் இதே கதைதான். சொரசொரப்பான வெள்ளைச் சுவரில் விழும் குறைந்த சக்தி லேசர் சிதறிப் பலவீனமாகிவிடும். கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர், வழவழப்பான டைல்ஸ், பீரோ கைப்பிடி, பளபளக்கும் ஷூ எல்லாம் அதை அப்படியே திருப்பி அனுப்பும். யாருடைய கண்ணை நோக்கி என்று யாருக்குத் தெரியும்?

சரி, எந்த லேசரை எடுப்பது?

ஐந்து கேள்விகளுக்கும் பதில் சேர்த்துப் பாருங்கள். நீங்களே முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

வீட்டில் நீங்களாகச் செய்யும் ஒளிக்காட்சிக்கு லேசரே வேண்டாம். பள்ளி அறிவியல் கண்காட்சியில் செய்வதானால் அது ஆசிரியரின் வேலை. நம்பகமான நிறுவனத்தின் வகுப்பு 2 சிவப்பு லேசர், சக்தி 1 மில்லிவாட்டுக்குள், அலைநீளம் 635 பக்கமாக இருந்தால் நல்லது. அது யார் கையிலும் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். ஒளி விழும் சுவர் எல்லோர் தலைக்கும் மேலே இருக்க வேண்டும். சுவிட்ச் ஆசிரியர் கையில்!

"ஐயோ, அப்போது எங்களுக்கு ஒன்றும் இல்லையா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். இதோ, உங்களுக்கே உங்களுக்கு ஓர் ஒளிக்காட்சி!

லேசர் இல்லாத லேசர் ஷோ

தேவையானவை: இரண்டு பக்கமும் திறந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு (பழைய டப்பாவின் அடிப்பாகத்தைப் பெரியவர்களிடம் கொடுத்து வெட்டி வாங்கலாம்), ஒரு பலூன், ரப்பர் பேண்டு, பாவாடையில் வைத்துத் தைப்பார்களே அந்தக் குட்டிக் கண்ணாடி வில்லை ஒன்று, பசை, எல்.இ.டி. டார்ச், கறுப்புக் காகிதம்.

பலூனின் வாய்ப்பகுதியை வெட்டிவிட்டு, மீதியைக் குழாயின் ஒரு பக்கத்தில் பறைக்குத் தோல் கட்டுவதுபோல விறைப்பாக இழுத்து, ரப்பர் பேண்டு போடுங்கள். கண்ணாடி வில்லையை பலூனின் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். நன்றாகக் காயட்டும்.

கறுப்புக் காகிதத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை போட்டு, டார்ச்சின் முகத்தில் ஒட்டுங்கள். அறையை இருட்டாக்குங்கள். கண்ணாடியிலிருந்து இரண்டு, மூன்றடி தூரத்தில் டார்ச்சை மேசை மேல் வையுங்கள். ஒளி கண்ணாடியில் பட்டு வெள்ளைச் சுவரில் ஒரு சின்னப் பொட்டாக விழும்படி குழாயைத் திருப்புங்கள். சுவர் மூன்றடிக்குள் இருந்தால் பொட்டு நன்றாகத் தெரியும்.

இப்போது குழாயின் மறுமுனையில் வாயை வைத்து "ஆ...ஆ...ஆ" என்று பாடுங்கள். பொட்டு துள்ளும்! "ஈ" என்று பாடினால் வேறு ஆட்டம். குரலை மெல்ல உயர்த்தினால் கோடு வளையும், வளையம் விரியும், சில சுருதிகளில் பொட்டு பெரிதாக ஆடும், சிலவற்றில் அடங்கிவிடும். உங்கள் குரலை நீங்களே பார்க்கிறீர்கள்!

ஏன் இப்படி? குரல் காற்றை அதிரவைக்கிறது. காற்று பலூனை அதிரவைக்கிறது. பலூன் கண்ணாடியை ஆட்டுகிறது. கண்ணாடி சற்று அசைந்தாலும் தூரத்துச் சுவரில் பொட்டு நிறைய நகரும். கண்ணாடியை நடுவில் ஒட்டினால் அது பெரும்பாலும் முன்னும் பின்னும்தான் போகும். தள்ளி ஒட்டினால்தான் சாய்ந்து சாய்ந்து ஆடும். பறையும் தவிலும் மிருதங்கமும் தோலின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. இங்கே காற்றின் அதிர்வை பலூன் தோல் வாங்கிக்கொள்கிறது. லிஸ்ஸாஜுவின் இசைக்கவை செய்த வேலையை உங்கள் தொண்டை செய்கிறது.

இசைக்கு ஆட வேண்டுமா? பாட்டு ஒலிக்கும் ஒலிபெருக்கியின் அருகில் குழாயின் வாயைப் பிடியுங்கள். பொட்டுக்கு நிறம் வேண்டுமா? டார்ச் துளையில் வண்ணக் கண்ணாடித் தாள் ஒட்டுங்கள். டார்ச்சையும் நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

வானம் நம் சுவர் இல்லை

யார் வீட்டிலாவது லேசர் இருந்தால் இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். லேசர் கற்றை எவ்வளவு தூரம் போனாலும் புள்ளியாகவே இருக்காது. மெல்ல விரியும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலம்கூட ஆகிவிடும். ஒரு ஓட்டுநரின் கண்ணாடி முழுவதும் பளீரென்று வெளிச்சம் பரவ அது போதும்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு ரயில்கள் விரைகின்றன. பக்கத்திலேயே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. மேலே விமானங்கள். ரயில் ஓட்டுநர், லாரி ஓட்டுநர், விமானி யாராக இருந்தாலும் இருட்டில் ஒரு நொடி கண் கூசினால் எத்தனை உயிர்களுக்கு ஆபத்து! அது விளையாட்டு அல்ல, குற்றம்.

நம் பக்கத்து வானத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயம் அருகே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வான் ஆய்வகம் உள்ளது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே தொடங்கிவைக்கப்பட்டது. மங்கலான ஒளியைத் தேடிப் பிடிக்கும் அந்தக் கண்ணுக்கு இருட்டு வானம்தான் சாப்பாடு.

கடைசியாக ஒன்று

அந்த ஸ்விட்சர்லாந்துப் பையன் செய்த தவறுகளில் பெரியது எது என்று நினைக்கிறீர்கள்? சக்தி அதிகமான லேசர் வாங்கியதா? கண்ணாடி முன் நின்றதா? அவை தெரியாமல் செய்தவை. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தானே, அதுதான்.

விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் கத்தாது. லேசர் கண்ணில் பட்டபின் பார்வை மங்கினாலோ, நடுவில் கறுப்புத் திட்டு தெரிந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, கண்ணைக் கசக்காதீர்கள், காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அப்பா அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயமா? திட்டு ஐந்து நிமிடம். பார்வை ஆயுள் முழுவதும். அவர்கள் உங்களைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போவார்கள். 1902-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறிய மருத்துவமனைதான் பின்னாளில் வேலூரின் ஷெல் கண் மருத்துவமனை ஆனது. நம் பக்கத்திலேயே இப்படிப்பட்ட இடங்கள் இருக்கும்போது ஏன் மறைக்க வேண்டும்?

என்ன குட்டீஸ், பலூன் எடுத்தாச்சா? இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி, தங்கை, தாத்தா, பாட்டி எல்லோரையும் உட்காரவைத்து விளக்கை அணையுங்கள். முதல் பாட்டு பாட்டியுடையது. பாட்டியின் குரல் சுவரில் என்ன கோலம் போடுகிறது என்று பாருங்கள்!